புதன்கிழமை மாலை டீசல் இருக்காது

உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் என்ன விலை என்று ஃபோனில் பார்த்துவிட்டுத்தான் நான் காலையில் அரிசி களைவேன். சிரிப்பார்கள், தெரியும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வீட்டோடு கேட்டரிங் நடத்துகிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று என் கணவரே கேட்டிருக்கிறார். ஆனால் டீசலுக்கு இருந்த மானியத்தை அரசாங்கம் எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதிகம் சாப்பிடும் ஆள் எங்கள் பிக்கப் வண்டிதான். முன்பெல்லாம் பெட்ரோல் ஸ்டேஷன் பலகையில் இருக்கும் எண் வருஷக்கணக்கில் மாறாது. யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் புது விலையை அறிவிக்கிறார்கள். வியாழன் பிறந்ததும் அது அமலுக்கு வந்துவிடும்.

நான் கவனித்தது இதுதான். வளைகுடாவில் ஏதோ தகராறு, விலை ஏறிவிட்டது என்று செய்தி வந்தால், அடுத்த வாரமே இங்கே பலகை ஏறிவிடுகிறது. தகராறு தீர்ந்தது, விலை இறங்கிவிட்டது என்று செய்தி வந்தால் மட்டும் பலகைக்குக் காது கேட்பதில்லை. ஏறும்போது லிஃப்டில் ஏறுகிறது. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறது. நடுவில் யாரோ சாப்பிடுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதில்தான் சந்தேகம்.

சந்தேகம் என் பிறவிக் குணம். அதை மறைக்க முடியாது. காய்கறிக் கடையில் தராசின் முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் தக்காளியைப் பார்ப்பேன். பொட்டலத்தில் ஒரு கிலோ என்று போட்டிருந்தால் வீட்டுக்கு வந்து நானும் ஒரு தரம் நிறுத்துப் பார்ப்பேன். சபையில் போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் அம்மா ஒரு கண்ணைத்தான் மூடுவாள் என்று என் மகள் கிண்டல் செய்வாள். அது முழுப் பொய்யும் இல்லை.

அந்த மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், காரின் பின்னிருக்கையிலிருந்து மெதுவாகச் சொன்னாள், தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று. அவள் ஷா ஆலமில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். பையனுக்குப் பூச்சோங்கில் ஒரு கம்பெனியில் வேலை. வீடு கிள்ளானில். கத்தோலிக்கக் குடும்பம்.

நாங்கள் மெதடிஸ்டுகள். என் தாத்தா காலத்திலிருந்து ரயில்வேக் குடும்பம். ஆனால் கத்தோலிக்கர் என்பது என்னை உறுத்தவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"பெட்ரோல் ஸ்டேஷன் நடத்துறார்மா."

என் கணவர் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பவே இல்லை. நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் சாப்பிடுகிற ஆள் யார் என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் என் வீட்டுக்குச் சம்பந்தியாக வருவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பெண் கொடுக்கும் முன் நாலு பேரிடம் விசாரிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அதற்கென்று யாரையும் அனுப்ப மாட்டோம். ஆராதனைக்குப் பிறகு தேநீர் குடிக்கும்போது, "கிள்ளான் பக்கம் உங்களுக்கு யாராச்சும் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் போதும். நானும் ஆரம்பித்தேன். கேட்ட எல்லாரும் "நல்ல குடும்பம்லா" என்றார்கள். ஒரு குறைகூடச் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் எனக்கு அங்கேதான் இடிக்கும். யாரைப் பற்றிக் கேட்டாலும் குறைந்தபட்சம் ஒரு கோபக்காரச் சித்தப்பாவாவது வெளியே வர வேண்டும். இந்த வீட்டில் அவர்கூட இல்லை.

எனவே நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மகளிடம் மூன்று மாதம் அவகாசம் கேட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு வரட்டும், அன்றைக்கு என் பதிலைச் சொல்கிறேன் என்றேன். அவள் சரி என்றாள். எதற்கு மூன்று மாதம் என்று அவள் கேட்காததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணக்கு எளிமையானது. மனிதன் கோயிலில் ஒரு மாதிரி இருப்பான், கல்யாண வீட்டில் ஒரு மாதிரி இருப்பான், கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனாக இருப்பான். என் மகள் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடப்போகும் மேசைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்துக்கு நாங்கள் மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். பாத்திரங்களை எடுக்கப் போகும் சாக்கில் அப்படியே கிள்ளான்வரை போய் வருவது எனக்குப் பெரிய சுற்று இல்லை. வழக்கமாகக் கணவர்தான் வண்டி எடுப்பார். புதன்கிழமைகளில் நான் எடுத்துக்கொண்டேன். மீன் வாங்கப் போகிறேன் என்றேன். அவர் சரி என்றார். எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லும் மனிதர் அவர்.

ஸ்டேஷன் கிள்ளான் நகரத்தை ஒட்டிய பெரிய சாலையில் இருந்தது. நாமே ஊற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கல்லாவில் ஒரு கனத்த மனிதர் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் மாதா படம். மகள் ஃபோனில் காட்டிய பையனின் நெற்றியும் மூக்கும் அப்படியே இவரிடம் இருந்தன. இவர்தான் அப்பா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் சாதாரண வாடிக்கையாளரைப் போல டீசல் போட்டேன். பம்பில் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்த்தேன். தொடங்கியது. அளவைச் சரிபார்த்த முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. மிச்சத்தைச் சரியாகக் கொடுத்தார். இதெல்லாம் எந்தத் திருடனும் சரியாக வைத்துக்கொள்கிற விஷயங்கள்தான் என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன்.

அந்த மாதம் கச்சா எண்ணெய் விலை நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் ஃபோனில் பார்த்தேன், கீழே போகும் சிவப்புக் கோடு. கிள்ளான் பலகை மட்டும் போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியே நின்றது. அடுத்த வாரம் கொஞ்சம் இறங்கியது, பேருக்கு. நான் போகும்போதெல்லாம் அந்த மனிதர் எனக்கு நிம்மதியாக உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தார். ஏன் இவ்வளவு நிம்மதி என்று எனக்குள் குடைந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை மாலை நான் போய்ச் சேர்ந்தபோது, டீசல் பம்புகளைச் சுற்றி ஆரஞ்சுக் கூம்புகளை வைத்திருந்தார்கள். ஓர் அட்டையில் 'டீசல் ஹாபிஸ்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. தீர்ந்துவிட்டதாம். பெட்ரோல் பம்புகளில் வண்டிகள் போய் வந்துகொண்டிருந்தன. டீசல் மட்டும் இல்லை.

மாட்டினார் என்று நினைத்தேன். நாளைக்கு விலை ஏறப்போகிறது, எப்படியோ காதுக்கு வந்துவிட்டது, இருக்கிற சரக்கைப் பூமிக்கடியில் வைத்துக்கொண்டு இன்றைக்கு இல்லை என்கிறார். நான் கிளம்பவில்லை. வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு பொட்டலம் கோரேங் பீசாங், எண்ணெயில் பொரித்த வாழைப்பழம், வாங்கிக்கொண்டு, எண்ணெய் லோரி ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லோரி வரவில்லை. சிறிது நேரத்தில் புது விலை ஃபோனில் வந்தது.

விலை இறங்கியிருந்தது.

கையில் இருந்த வாழைப்பழத் துண்டை அப்படியே வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். விலை ஏறும் முன் சரக்கை ஒளிப்பவனை எனக்குப் புரியும். விலை இறங்கும் முன் எதற்கு ஒருவன் ஒளிக்க வேண்டும்? நாளைக்குக் குறைந்த விலைக்கு விற்கவா? திருட்டுக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும் அல்லவா? அன்று எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஒருவர் தப்பு செய்கிறார் என்று தெரிந்தால் நான் நன்றாகத் தூங்குவேன். என்ன தப்பு என்று தெரியாவிட்டால்தான் புரண்டுகொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் பொறுக்க முடியவில்லை. பணம் கட்டப் போனபோது பின்னால் யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"பாஸ், உலகம் பூரா எண்ணெய் விலை இறங்குது. உங்க போர்டு மட்டும் ஏன் நொண்டுது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "போர்டுல நம்பரை மாத்துறது நான்தான்க்கா. ஆனா நம்பர் மேல இருந்து வருது, புதன்கிழமை. அதுக்கு முன்ன ஒரு சென் ஏத்தவும் முடியாது, இறக்கவும் முடியாது. அதுவும் நேத்து விலையை வெச்சு வர்றதில்லை. போன வாரம் முழுக்க என்ன ஓடுச்சோ அதோட சராசரிலா."

"நான் தினம் ஃபோன்ல பாக்குறேனே?"

"நீங்க பாக்குறது கச்சா. அது கப்பல்ல வரணும், காய்ச்சணும், பிரிக்கணும், டிப்போவுக்கு வரணும், அங்கருந்து லோரியில இங்க வரணும். இன்னிக்கு நீங்க ஊத்தின டீசல் எப்பவோ வாங்கின கச்சா. அதோட, கச்சா விலை வேற, காய்ச்சின டீசல் விலை வேற. உலகத்துல டீசலுக்கு ஆள் நிறைய கேட்டா, கச்சா இறங்கினாலும் டீசல் இறங்காது. நெல்லு விலை இறங்கிருச்சுன்னு அன்னைக்கே நீங்க சாப்பாட்டு விலையை இறக்குவீங்களா? போன மாசம் வாங்கின அரிசி மூட்டை வீட்டுல இருக்குமில்ல?"

"இருக்கும். ஆனா விலை ஏறினாலும் அந்த மூட்டை தீர்ற வரைக்கும் நான் ஏத்த மாட்டேன்," என்றேன். இது பாதி உண்மை. அவர் கேட்டதும் வாயில் வந்துவிட்டது.

"நல்ல மனசுக்கா உங்களுக்கு," என்றார் அவர். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, அதெல்லாம் மேல இருக்கிறவங்க கணக்கு. போன வாரம் கோன் வெச்சு மறிச்சது யார் கணக்கு?"

இப்போது அவர் சிரித்தார். தரையைக் கையால் காட்டினார். "கீழே டேங்க் இருக்கு. அதுல இருக்கிறது நான் முன்னாடியே காசு கட்டி வாங்கினது. வியாழக்கிழமை விலை இறங்கினா, வாங்கின விலைக்குக் கீழே விக்கணும். டேங்க் நிறைய இருந்தா எனக்கு நிறைய அடி. அதனால இறங்கும்னு வாடை அடிச்சா, ஆர்டர் பண்ணாம டேங்கைக் காலியாக்கிட்டே வருவேன். புதன்கிழமைக்கு அடிமட்டத்துல நிக்கணும். சில வாரம் கணக்கு தப்பிரும், சாயங்காலமே தீர்ந்திரும். அதான் கோன்."

"ஏறும்னு வாடை அடிச்சா?"

"ரொப்பி வெச்சுக்குவேன்."

"அந்த லாபம்?"

"எனக்குத்தான். வேற யாருக்குக் குடுப்பேன்?"

அவரே தொடர்ந்தார். "ஏறுற வாரம் புதன்கிழமை இந்த ரோடு முழுக்கக் க்யூ நிக்கும். அத்தனை பேரும் என்னைத் திட்டிட்டுப் போவாங்க. இறங்குற வாரம் ஒருத்தர்கூட போர்டைப் பாக்குறதில்லை, சந்தோஷமா ஊத்திட்டுப் போயிருவாங்க. யாரும் பாக்கலைன்னா யாருக்கும் அவசரம் இல்லை பாருங்க. இறங்குற வாரத்துல வந்து கேள்வி கேட்ட ஒரே ஆள் நீங்கதான்க்கா."

மிச்சத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது என்பதுதான் உண்மை. 'எனக்குத்தான்' என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லுக்காக. ஏமாற்றுகிறவன் அந்த இடத்தில் ஒரு புண்ணியக் கதை சொல்லியிருப்பான். கப்பல்காரனுக்கு ஒரு காரணம், சுத்திகரிப்பு ஆலைக்கு ஒரு காரணம், அரசாங்கத்துக்கு ஒரு காரணம் என்று எல்லாருக்கும் காரணம் இருக்கிறது, யாரும் திருடவில்லை, பொருள் மட்டும் வழியில் குறைந்துவிடுகிறது என்ற எரிச்சல் எனக்குத் தீரவில்லைதான். ஆனால் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியில் இருந்த மனிதர் தன் பங்கைத் தானே சொல்லிவிட்டார். சரி, பெண்ணைக் கொடுக்கலாம் என்று மனதில் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

அப்படி நினைத்துக்கொண்டே வண்டிக் கதவைத் திறக்கப் போனேன். கதவில் எங்கள் கேட்டரிங்கின் பெயர் முழங்கை உயரத்துக்கு எழுதியிருந்தது. அதன் கீழே பிரிக்ஃபீல்ட்ஸ். அதன் கீழே வீட்டு ஃபோன் நம்பர். சிவப்பில் எழுதினால்தான் தூரத்திலிருந்து தெரியும் என்று பெயிண்டரிடம் சண்டை போட்டு எழுதவைத்தவள் நானேதான். அந்தக் கதவு கல்லாக் கண்ணாடிக்கு நேரெதிரே நின்றிருந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் அப்படித்தான் நின்றிருந்தது.

உளவு பார்க்க விளம்பரப் பலகையோடு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அரிசி மூட்டை. எத்தனையோ உதாரணம் இருக்க, அவர் ஏன் என்னிடம் அரிசி மூட்டையைச் சொன்னார்? நான் யார் என்று அவருக்குத் தெரியும். முதல் வாரத்திலிருந்தே தெரியும். அப்படியென்றால் அவர் பேசியது வாடிக்கையாளரிடம் அல்ல, சம்பந்தியாகப் போகிறவளிடம். அந்த 'எனக்குத்தான்' என்ற பதிலும் எனக்காகவே தயாரித்ததாக இருக்கலாம். உண்மையானவன்போல நடிக்கத் தெரிந்தவன் சாதாரணத் திருடனைவிட மோசம். ஃபெடரல் ஹைவேயில் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேர்வதற்குள், அவர் மேல் வந்த நம்பிக்கை எல்லாம் போய்விட்டது.

அடுத்த புதன்கிழமை வண்டியைத் தள்ளி வேறொரு சாலையில் நிறுத்திவிட்டு, ஸ்டேஷனுக்கு எதிரே இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் தூணை ஒட்டி ஒரு மேசையில் உட்கார்ந்தேன். நான் இல்லாதபோது அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். கூம்புகள் இல்லை. டீசல் பம்புகள் வேலை செய்துகொண்டிருந்தன. நான் எதுவும் கேட்பதற்குள் கடைக்காரத் தம்பி ஒரு தே தாரிக்கைக் கொண்டுவந்து வைத்தார். தமிழ்நாட்டுப் பேச்சு.

"நான் இன்னும் ஆர்டர் பண்ணலையே தம்பி."

"எதிர்ல ஸ்டேஷன் பாஸ் குடுக்கச் சொன்னாருங்க. இன்னைக்கு டீசல் இருக்குன்னும் சொல்லச் சொன்னாரு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் யாருக்கோ மிச்சம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பவில்லை. தேநீரைக் குடிக்காமல் விடவும் முடியவில்லை. குடித்துக்கொண்டே யோசித்தேன். இன்றைக்கு டீசல் இருக்கிறது என்று எதற்குச் சொல்லி அனுப்ப வேண்டும்? புதன்கிழமை டேங்க் நிறைய இருக்கிறதென்றால் விலை ஏறும் என்று அவர் வாடை பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். அதை எனக்கும் சொல்கிறார், இன்றைக்கே ஊற்றிக்கொள் என்று. இல்லாவிட்டால் நான் ஊற்றுகிறேனா என்று சோதிக்கிறார். அதுவும் இல்லாவிட்டால் ஒரு சின்ன உதவியைச் செய்து என் வாயை அடைக்கப் பார்க்கிறார். மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, டேங்க் கால்வாசி இருந்த வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விலை ஏறியது, கொஞ்ச நஞ்சமில்லை. பங்சாரில் ஒரு ஸ்டேஷனில் வாயை மூடிக்கொண்டு ஊற்றினேன். அவர் நல்லது நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று ஒரு மனம் சொன்னது. எதற்கும் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று இன்னொரு மனம் சொன்னது. எனக்கு எப்போதும் இரண்டாவது மனம்தான் ஜெயிக்கும்.

ஆனால் இன்னொரு மாதம் கையில் இல்லை. நான் கேட்ட மூன்று மாதம் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் அவர்கள் வந்தார்கள். அவர், அவர் மனைவி, பையன். நான் கதவைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து, முதல் தடவை பார்ப்பவரைப்போலக் கும்பிட்டார்.

"வணக்கம்ங்க. உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கோம்."

அவ்வளவுதான். கூம்பு, அரிசி மூட்டை, தே தாரிக், எதையும் காட்டிக்கொள்ளவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. அதற்கு நன்றி சொல்வதா, எவ்வளவு சுலபமாக நடிக்கிறார் பார் என்று குறித்துக்கொள்வதா என்று தெரியாமல் நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். அவர் மனைவி எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த பழைய ரயில்வேப் படங்களைப் பார்த்து, தன் தாய்மாமாவும் ரயில்வேயில் இருந்ததைச் சொன்னார். என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நான் சம்மதம் சொல்ல வேண்டும். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

என் கணவர் தேநீர்த் தட்டோடு வந்தார். பெரியவர்களுக்குக் கொடுத்தார். பையனுக்கு மட்டும் தட்டின் ஓரத்தில் தனியாக இருந்த ஒரு கோப்பையை எடுத்துக் கொடுத்தார்.

"உனக்கு சீனி போடலைப்பா," என்றார்.

"தேங்க்ஸ் அங்கிள்," என்று பையன் வாங்கிக்கொண்டான்.

யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் கண் அந்தக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. இந்தப் பையனுக்குச் சீனி வேண்டாம் என்று இவருக்கு எப்படித் தெரியும்? யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. 'உனக்கு' என்கிறார், 'போடலைப்பா' என்கிறார். முதல் தடவை பார்க்கிற பையனிடம் என் கணவர் இப்படிப் பேச மாட்டார். பால்காரரிடம்கூட அவருக்குப் பழக ஒரு வருஷம் ஆகும்.

அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று நான் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. கணவர் அவர்களை வழியனுப்பக் கீழே போனார். நான் நேரே சமையலறைக்குப் போனேன். மகள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு அந்தப் பையனை எத்தனை நாளா தெரியும்?"

அவள் குழாயை மூடினாள். பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"ரெண்டு வருஷமாம்மா. மூணு பேரும் வெளியே சாப்பிடப் போவோம். உங்களுக்குத் தெரியாம."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"நல்லதா ஒரு விஷயம் சொன்னா நீங்க நம்புறதுக்கு ஒரு வருஷம் ஆகும். கெட்டதா ஒண்ணு காதுல விழுந்தா அன்னைக்கே நம்பிருவீங்க. அதான் எனக்கு பயம். நல்லா தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் சொல்லலாம்னு அப்பாகிட்ட நான்தான் சொன்னேன்." அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "மூணு மாசம் கேட்டீங்க, குடுத்தேன். நீங்க கிள்ளான் போறது அவர் சொல்லி எனக்குத் தெரியும். அவங்க அப்பா டேங்க்ல எவ்வளவு இருக்கு, லோரி எப்ப வருது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குப் பிடிச்சவரைப் பத்தி என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களாம்மா? ஒண்ணே ஒண்ணு?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்படியே கீழே போய்க் கணவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கால் துடித்தது. அந்தக் கோபம் நிற்கவில்லை. அதற்கு அடியில் இருந்தது வலி. நன்றாகவே வலித்தது. அரசாங்கத்தைச் சந்தேகப்பட்டேன், கப்பலைச் சந்தேகப்பட்டேன், முன்பின் தெரியாத ஒரு மனிதரை வாராவாரம் போய்க் காவல் காத்தேன். என்னோடு இதே அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்த இருவரும் என்னிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஈரமான கோப்பைகளில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"சரி, சொல்லு," என்றேன். "அந்தப் பையன் எப்படி?"

அவள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எங்காவது ஒரு ஓரத்தில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ கடைக்காரர்களை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

"நிஜமாவே கேக்குறீங்களா," என்றாள், "இல்லை, விசாரிக்கிறீங்களா?"

நிஜமாகத்தான் கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது முழு உண்மை இல்லை.

"ரெண்டும்தான்," என்றேன்.

அவள் துண்டைக் கொடியில் மாட்டினாள். பிறகு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.